சுவருக்குள் போகும் பணம்: வீடு கட்டுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

1,200 சதுர அடியில் வீடு கட்டத் தொடங்கவிருக்கிறோம். மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்படி கட்டினால் பட்ஜெட் பத்து சதவீதம் கூடும் என்கிறார் எங்கள் பொறியாளர். இது சரியான கணக்கா? (மதுரை)

அந்தப் பத்து சதவீதத்தில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் சோலார் பேனல், புதுவகை மின்விசிறி, ஏசி எல்லாம் அதற்குள் இருக்கும். இவற்றை வீடு குடிபோன பிறகும் வாங்கி மாட்டலாம். கட்டுமானக் கடனுக்குள் கொண்டுவந்து இருபது ஆண்டுக்கு வட்டி கட்ட வேண்டிய அவசியம் இல்லை. பிறகு செய்ய முடியாதவை எவையோ அவற்றுக்கு மட்டும் இப்போது பணம் ஒதுக்குங்கள்.

அவற்றிலும் முதல் பகுதிக்குச் செலவே கிடையாது, வரைபடத்திலேயே முடிந்துவிடும். படுக்கையறையை மேற்குச் சுவரோரம் வைக்காமல் அங்கே மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றைத் தள்ளிவிட்டால் மாலை வெயிலின் சூடு தூங்கும் அறைக்குள் வராது. சன்ஷேடு விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வடக்கு ஜன்னலுக்கு நிழல் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது தில்லிக்குப் பொருந்தலாம். மதுரை ஏறத்தாழ 10 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் மே, ஜூன் மாதங்களில் நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆகவே வடக்கு, தெற்கு இரு பக்கமும் இரண்டு அடி சன்ஷேடு கேளுங்கள். மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு உதவாது, ஏனென்றால் அங்கே வெயில் சாய்வாக நுழைகிறது; ஜன்னலைச் சிறிதாக்குவதும் ஒரு மரம் வைப்பதும்தான் வழி.

இரண்டாவது பகுதி, சுவருக்குள் புதையும் குழாய்கள். கழிப்பறை ஃபிளஷ் தொட்டிகளுக்குத் தனிக் குழாய், மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை சோலாருக்கான காலி பைப், குளியலறைத் தண்ணீரைக் கழிப்பறைக் கழிவோடு சேர்க்காமல் தனியே வெளியே எடுக்கும் பைப் ஆகியவற்றுக்குக் கட்டும்போது சில ஆயிரங்களே ஆகும். நான் என் வீட்டைக் கட்டியபோது ஃபிளஷ் தொட்டிக்கான தனிக் குழாயை, ஆறாயிரம் ரூபாய் மிச்சம் என்று நினைத்து விட்டுவிட்டேன். சில ஆண்டுகளில் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. அதை ஃபிளஷுக்கு மட்டும் திருப்பிவிடலாம் என்று இரண்டு குளியலறைச் சுவர்களை உடைத்தபோது அதே டிசைன் டைல்ஸ் கடையில் இல்லை. இன்றும் அந்தச் சுவரில் நான்கு டைல்ஸ் மட்டும் வேறு நிறத்தில் நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் தவறாமல் அதைத்தான் பார்க்கிறார்கள்.

இப்படிப் பிரித்தால், கூடுதல் செலவு என் கணக்கில் மூன்று சதவீதத்தைத் தாண்டாது.

மாதம் மாதம் மின்கட்டணம் பற்றிய கவலைதான். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகிறது. சோலார் போட்டால் எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும்? (தஞ்சாவூர்)

உங்கள் வீட்டுக்கு அவசரம் இல்லை என்பதே என் பதில். காரணம் நம் மின்கட்டணத்தின் அமைப்பில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு அடுத்த 100 யூனிட்டும் மலிவு. 400-ஐத் தாண்டும் யூனிட் ஆறு ரூபாய்க்கு மேல், 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600-க்கு மேல் ஒன்பது ரூபாய்க்கு மேல், 1,000-க்கு மேல் பதினொரு ரூபாய்க்கு மேல் என்று படி ஏறுகிறது. நாம் சேமிக்கும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழியும். ஆகவே ஒரே சோலார் பேனல் ஒரு வீட்டில் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாயும் இன்னொரு வீட்டில் நான்கு ரூபாயும் சம்பாதிக்கிறது.

ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 720 யூனிட். 800 யூனிட் செலவழிக்கும் வீடு இதைப் போட்டால் மீதி 80 யூனிட், அதாவது இலவச வரம்புக்குள் வந்துவிடும். ஏறத்தாழ 4,800 ரூபாய் பில் மொத்தமும் மறைகிறது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. மானியம் போகக் கையிலிருந்து 1,20,000 ரூபாய் ஆனால், அந்த வீட்டுக்கு நான்கு ஆண்டுகளில் பணம் திரும்பிவிடும். உங்கள் பில்லோ 1,300 ரூபாயைச் சுற்றித்தான் இருக்கும். அதற்கு மூன்று கிலோவாட் போட்டால் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் ஏசி வாங்குவதாக இருந்தால் அப்போது யோசியுங்கள்.

இப்போதைக்கு மின்விசிறிகளை மாற்றுங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் பொருத்திய பிஎல்டிசி விசிறி முழு வேகத்தில் 30 வாட்டுக்குப் பக்கத்தில்தான் எடுக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் நான்கு விசிறிகளில் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட் குறையும். உங்கள் படியில் இதன் மதிப்பு 600 ரூபாய்க்கு மேல். சாதாரண விசிறியைவிட ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், இரண்டு ஆண்டுக்குள் மீண்டுவிடும். மேலும் ஒரு லாபம் இருக்கிறது. 500 யூனிட்டிலிருந்து 501-க்குப் போனால் அந்த ஒற்றை யூனிட்டால் மலிவுச் சலுகை பறிபோய், பில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். கோடையில் அந்த எல்லையைத் தொடாமல் விசிறிகள் உங்களைக் காக்கும்.

ஆண்டுக்கு ஏழெட்டு மாதம் லாரித் தண்ணீர்தான், 12,000 லிட்டர் லாரிக்கு 1,800 ரூபாய் கொடுக்கிறோம். புது வீட்டில் மழைநீர் சேகரிப்புக்குப் பெரிதாகச் செலவு செய்யலாமா? (சென்னையின் தென்புறநகர்)

செய்யலாம், ஆனால் அதற்கு முன் கழிப்பறையைப் பாருங்கள். பழைய ஃபிளஷ் தொட்டி ஒரு முறைக்குப் பத்து லிட்டர் விடும். இரட்டைப் பொத்தான் தொட்டியில் சிறியது மூன்று லிட்டர், பெரியது ஆறு லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஐந்து முறை (சிறியது நான்கு, பெரியது ஒன்று) என்று வைத்தால் நாளுக்கு 200 லிட்டர் 72 லிட்டராகக் குறையும். ஆண்டுக்கு ஏறத்தாழ 46,000 லிட்டர் மிச்சம்; நீங்கள் லாரி வாங்கும் ஏழெட்டு மாதத்துக்கு மட்டும் கணக்கிட்டாலும் இரண்டு லாரிக்கு மேல், நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாது. புது வீட்டில் இதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். குழாய் முனையில் காற்றுக் கலக்கும் சல்லடை போடுவதும் அப்படியே. ஆனால் போர் தண்ணீரில் அது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெள்ளைக் காரை படிந்து அடைத்துக்கொள்ளும், கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போட வேண்டும். கழற்றுவதற்கு அலுப்புப்பட்டு அதைத் தூக்கியெறிந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி மழை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. பெய்கிறது, அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவதில் எண்பது சதவீதம் பிடித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். அத்தனையையும் தேக்கி வைக்கத் தொட்டி கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. நீங்கள் எப்படியும் கட்டப்போகும் 12,000 லிட்டர் சம்பிலேயே மழைநீரை விடுங்கள். 50 மி.மீ. மழை ஒன்றுக்கு 3,700 லிட்டர் வரும். மழைக்காலம் முழுவதும் நிரம்புவதும் தீர்வதுமாக ஐந்து முறை நிறைந்தாலே ஐந்து லாரி, 9,000 ரூபாய். குழாய், மணல்-ஜல்லி வடிகட்டித் தொட்டி ஆகியவற்றுக்கு இருபதாயிரம் ஆனாலும் இரண்டரை ஆண்டுக்குள் சரியாகிவிடும். சம்பு நிரம்பி வழிவது மட்டும் போர் பக்கத்தில் உள்ள உறைகிணற்றுக்குப் போகட்டும்.

முதல் மழையைச் சம்பில் விடாதீர்கள். இறங்கு குழாயின் அடியில் மூடி போட்ட ஒரு கிளைக்குழாய் வைத்து, முதல் கால் மணி நேரம் அதைத் திறந்துவிட வேண்டும். அதில் வரும் தண்ணீர் டிகாஷன் நிறத்தில், வேப்பஞ்சருகும் புறா எச்சமுமாக இருக்கும். ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள் மூடியைத் திறக்க மறப்பதில்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது ஊரெங்கும் குழிகள் வெட்டப்பட்டன. அவற்றில் பல இப்போது மண்மேடாகிக் கிடப்பதற்குக் காரணம், ஆண்டுக்கொரு முறை செப்டம்பரில் மேல்மணலைச் சுரண்டி எடுக்கும் அரை நாள் வேலையை யாரும் செய்யாததே.

செங்கல்லா, ஏஏசி பிளாக்கா? (கோயம்புத்தூர்)

காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்லான ஏஏசி பிளாக், அதே அளவு செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், வெப்பத்தையும் வெகுவாகத் தடுக்கும். செங்கல்லைப்போல் ஊறவைக்கத் தேவையில்லை, ஒட்டும் பசை போட்டுக் கட்டினால் அந்த மூட்டுகளுக்குத் தண்ணீர் அடிக்கவும் வேண்டாம் என்பதால் கட்டும் காலத்துத் தண்ணீரும் மிச்சம். தூண், பீம் போட்ட வீட்டுக்கு நல்லது. சுவரே பாரம் தாங்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தூணோடு சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூசாவிட்டால் விரிசல் நிச்சயம். ஆனால் கோயம்புத்தூர் இரவுகள் குளிர்ந்தவை. ஏசி போடாத வீட்டுக்கு அங்கே செங்கல்லே போதும். அதையும் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறி முறையில், நடுவே காற்றறை விட்டுக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு செங்கல் குறையும். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்க வேண்டும். தெரியாதவரிடம் கொடுத்துப் பழக்காதீர்கள்.

மேல்தளச் சூடு தாங்கவில்லை. எதைச் செய்தால் பணத்துக்கு ஏற்ற பலன் கிடைக்கும்? (வேலூர்)

வெறும் கான்கிரீட் தளம் வெப்பத்தைக் கடத்தும் அளவு, சதுர மீட்டருக்கும் ஒரு டிகிரிக்கும் மூன்று வாட்டுக்கு மேல். 2018-இல் மத்திய எரிசக்தி திறன் செயலகம் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதிமுறை அது 1.2-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. கட்டி முடித்த வீடு என்றால் முதலில் சுண்ணாம்போ வெள்ளை ரூஃப் பெயிண்டோ அடியுங்கள். செலவு குறைவு, பலன் அந்த வாரமே தெரியும். தூசு படிந்தால் பலன் குறைவதால் கோடைக்கு முன் தளத்தைக் கழுவ வேண்டும், இரண்டொரு ஆண்டில் மறுபடி அடிக்க வேண்டும். புதுத் தளம் என்றால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய முறையோடு, அடியில் இரண்டு அங்குல வெப்பத்தடுப்புப் பலகையும் சேர்த்தால் அந்த வரம்புக்குள் வந்துவிடும். தட்டோடு மட்டும் போட்டால் வராது.

சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கிய இரண்டே ஆண்டில் கண்ணாடிக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. (திருப்பூர்)

உப்புத் தண்ணீர் நேரடியாகக் குழாய்க்குள் சுற்றும் வகையை வாங்கியிருக்கிறீர்கள். வெப்பமாற்றி உள்ள வகையில் உங்கள் தண்ணீர் கண்ணாடிக் குழாய்க்குள் போகாது, சூடு மட்டும் அதற்கு மாறும்; அதன் விலை கூடுதல். உங்கள் தண்ணீருக்கு அதுதான் ஒத்துவரும்.