தில்லியில் இலக்கியம் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு: சில கேள்விகளும் பதில்களும்

தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கும் தமிழ் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்கள் 2022-இல் நடைமுறைக்கு வந்த இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பை ஒட்டியவை.

கேள்வி: அக்காவின் திருமணத்துக்காகத் திருநெல்வேலி சென்ற இடத்தில் டெங்கு காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் அந்த நாட்களுக்கு வருகைப் பதிவு கிடைத்துவிடும் என்று தோழிகள் சொல்கிறார்கள். உண்மையா? (இரண்டாம் ஆண்டு மாணவி, மயூர் விகார்)

பதில்: சான்றிதழ் உங்களை வகுப்புக்கு வந்தவராக ஆக்காது. மொத்த வகுப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்காவது வந்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. உடல்நலக் குறைவால் அந்த அளவை எட்ட முடியாதவருக்குச் சலுகை காட்டுமாறு கல்லூரியைக் கேட்பதற்கான ஆதாரமே மருத்துவச் சான்றிதழ். ஆகவே ஊரிலிருந்து திரும்பிய வாரத்திலேயே அதை அலுவலகத்தில் கொடுத்து, ஒரு நகலில் தேதியுடன் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில், தேர்வுக்கு அனுமதி மறுக்கப்படுவோர் பட்டியல் ஒட்டப்பட்ட பிறகு வந்து சேரும் சான்றிதழ்களை யாரும் நம்பிக்கையோடு பார்ப்பதில்லை, அவற்றில் பல உண்மையானவையாக இருந்தாலும் கூட.

திருமணத்துக்காக எடுத்த நாட்களுக்குச் சலுகை எதிர்பார்க்காதீர்கள். தேசிய மாணவர் படை முகாம், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்குச் சென்றவர்களுக்கு அந்த நாட்களுக்குச் சலுகை உண்டு. குடும்ப விசேஷங்களுக்கு இல்லை. தமிழ்நாட்டுக்கு ரயிலில் போய்வருவதற்கே மூன்று நான்கு நாட்கள் ஆகிவிடும் என்பதால், நம் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கணக்குப் பார்த்துப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையை நீங்கள் பெறுபவராக இருந்தால், அடுத்த ஆண்டுக்கு அதைப் புதுப்பிக்க 75 விழுக்காடு வருகை வேண்டும். தேர்வு எழுதப் போதுமான வருகை இதற்குப் போதாது.

கேள்வி: இறுதித் தேர்வில் நன்றாக எழுதினால் போதாதா? டியூட்டோரியலுக்கு ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? (முதலாண்டு மாணவர், கரோல் பாக்)

பதில்: போதாது. உங்கள் முதன்மைத் தாள் ஒவ்வொன்றும் 160 மதிப்பெண்ணுக்கானது. அதில் இறுதித் தேர்வுக்கு 90, உள்மதிப்பீட்டுக்கு 30, டியூட்டோரியலில் நடக்கும் தொடர் மதிப்பீட்டுக்கு 40. ஒரு தாளுக்கு 45 மணி நேரம் விரிவுரையும் 15 மணி நேரம் டியூட்டோரியலும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த 15 மணி நேரத்தில்தான் மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு தீர்மானமாகிறது. சிறு குழுவாக அமர்ந்து, தான் எழுதிய ஒரு பக்கத்தை ஆசிரியர் முன்னால் வாசித்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அங்கே மட்டுமே உண்டு. இலக்கியம் படிப்பவருக்கு அதைவிட மதிப்புள்ள உதவி கல்லூரியில் வேறு எதுவும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். வகுப்பில் மற்றவர்கள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டாலே வாய் அடைத்துவிடுகிறது. துறையை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். (முதலாண்டு மாணவி, முகர்ஜி நகர்)

பதில்: முதல் செமஸ்டர் முடியும் முன் அந்த முடிவை எடுக்காதீர்கள். சரளமாகப் பேசுவது ஒரு திறன், ஒரு பனுவலை நுணுகிப் படிப்பது வேறொரு திறன். தாள் திருத்துபவர் இரண்டாவதற்குத்தான் மதிப்பெண் போடுகிறார். உங்கள் கட்டுரையில் ஒரு கவிதையின் இரண்டு வரிகளை எடுத்து, அவற்றில் ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று எளிய வாக்கியங்களில் விளக்கியிருந்தால், அது நுனிநாக்கு ஆங்கிலத்தில் பொதுவாக எழுதிய நான்கு பக்கத்தைவிடச் சிறந்த விடை. பள்ளியில் செய்யுளைச் சீர் பிரித்து, பொருள் சொல்லி, அணி காட்டிப் பழகியவர் நீங்கள். அந்தப் பயிற்சி இங்கே அப்படியே உதவும். இந்தியச் செவ்வியல் இலக்கியத் தாளில் சிலப்பதிகாரம் ஆங்கில மொழிபெயர்ப்பில் இடம்பெற்று வந்திருக்கிறது. கண்ணகி பாண்டியன் அவையில் பேசியதை மூலத்திலேயே கேட்டு வளர்ந்தவர் அந்த வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கலாமா?

செய்ய வேண்டியவை சில உண்டு. பாடநூலைப் படிக்கும் முன் கடைகளில் விற்கும் வழிகாட்டி நூலைத் தொடாதீர்கள். அது உங்கள் மொழியையும் கெடுக்கும், சிந்தனையையும் கெடுக்கும். வாரம் ஒரு பத்தி ஆங்கிலத்தில் எழுதி டியூட்டோரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். கருத்தைத் தமிழில் குறித்துக்கொள்ளலாம், ஆனால் குறிப்பை வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்காமல் புதிதாகவே ஆங்கிலத்தில் எழுதுங்கள். உங்கள் நிலையை ஆசிரியரிடம் முதல் மாதத்திலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சொல்லாதவருக்கு யாரும் தேடி வந்து உதவுவதில்லை என்பதுதான் பெரிய கல்லூரிகளின் குறை.

கேள்வி: அசைன்மென்ட்டில் இணையத்திலிருந்து எடுத்த பகுதிகள் இருந்தன என்று சுழியம் போட்டுவிட்டார்கள். நான் வாக்கியங்களை மாற்றித்தான் எழுதியிருந்தேன். ஏ.ஐ. செயலியைக் கொஞ்சம் பயன்படுத்தினால் கூடத் தவறா? (இரண்டாம் ஆண்டு மாணவர், ஜனக்புரி)

பதில்: வாக்கியத்தை மாற்றினாலும் கருத்து இன்னொருவருடையது என்றால் அவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிமுறைகள், ஆய்வேடுகளில் பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் படிப்படியாகத் தண்டனை விதிக்கின்றன. 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். உங்கள் அசைன்மென்ட் ஆய்வேடு அல்ல என்பதால் அங்கே ஆசிரியரும் துறையும் வகுத்த விதியே செல்லும். ஆனால் பழக்கம் இப்போதுதான் உருவாகிறது. மேற்கோளை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். நூல், ஆசிரியர், பக்க எண் ஆகியவற்றை எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) மேற்கோள் முறையில் கொடுங்கள். ஆங்கிலத் துறைகளில் பெரும்பாலும் அந்த முறையைத்தான் கேட்பார்கள்.

ஏ.ஐ. செயலி பற்றி ஆசிரியருக்கு ஆசிரியர் விதி மாறுகிறது. எனவே அசைன்மென்ட் தரப்பட்ட அன்றே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். என் கருத்து கண்டிப்பானது. ஒரு சிறுகதையைப் பற்றி என்ன தோன்றுகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையையே செயலியிடம் கொடுத்துவிட்டால், பிறகு நீங்கள் எதற்காக இந்தத் துறையில் சேர்ந்தீர்கள்? போட்ட மதிப்பெண் நியாயமற்றது என்று உண்மையாகவே நினைத்தால், உங்கள் முதல் வரைவுகளோடு ஆசிரியரையும், பிறகு துறைப் பொறுப்பாளரையும் பாருங்கள். அதற்கும் மேல் மாணவர் குறைதீர் குழு இருக்கிறது; மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருந்தாக வேண்டும்.

கேள்வி: டி.டி.இ.ஏ. (தில்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளியில் தமிழ் படித்த என் மகள், கல்லூரியிலும் மொழித்தாளாகத் தமிழை எடுக்க முடியுமா? (தாய், லோதி எஸ்டேட்)

பதில்: 2 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) கொண்ட மொழித்திறன் தாளுக்குத் தமிழும் தகுதியான மொழிதான். கல்லூரியில் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்பதே கேள்வி. சேர்க்கை நாளிலேயே விண்ணப்பத்தில் தமிழ் என்று எழுதிக் கொடுங்கள்; கேட்பவர் இல்லை என்பதே வகுப்பு நடக்காததற்குக் காரணமாகிவிடக் கூடாது.

கேள்வி: தமிழ்த் தலித் எழுத்தாளர்களான பாமா, சுகிர்தராணி எழுத்துகள் பாடத்தில் இருந்ததாக அண்ணன் சொல்கிறான். எங்கள் பட்டியலில் இல்லையே? (மூன்றாம் ஆண்டு மாணவி, வசந்த் குஞ்ச்)

பதில்: ஆங்கில ஆனர்ஸ் ஐந்தாம் செமஸ்டரில் பெண் எழுத்து பற்றிய தாளில் அவை இருந்தன. 2021 ஆகஸ்டில் அவற்றையும் வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் ஒரு கதையையும் நீக்கினார்கள். கல்விக் குழுவிலேயே சில உறுப்பினர்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். அந்த நீக்கம் தவறு என்பது என் உறுதியான கருத்து. பாடத்தில் இல்லாததைப் படிப்பதற்கு யாரும் தடை போடவில்லை. ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்திலும், மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில் சாகித்திய அகாதெமி நூலகத்திலும் தமிழ் நூல்களைத் தேடிப் படிக்கலாம். நான்காம் ஆண்டு வரை தொடர்ந்தால், ஆய்வேட்டுக்கே இவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பார்வைக் குறைபாடுள்ள என் மகன் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறான். என்னென்ன கேட்கலாம்? (தந்தை, துவாரகா)

பதில்: தயங்காமல் கேளுங்கள், இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவருக்குத் தேர்வில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று 2018-இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. மூன்று மணி நேரத் தேர்வு எனில் நான்கு மணி நேரம். சொல்வதை எழுதுபவரை மாணவரே அழைத்து வரலாம். நாவல்களைக் கேட்டுப் படிப்பதற்குச் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் இயங்குகிறது. அங்கே இல்லாத நூலை, அவர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்பதைக் கல்லூரி நூலகரிடம் எடுத்துச் சொல்லுங்கள். வடக்கு வளாகத்தில் பல்கலைக்கழகத்தின் சம வாய்ப்பு மையத்தில் முதல் செமஸ்டரிலேயே பெயர் பதிவு செய்துவிடுவது நல்லது.

கேள்வி: தூக்கம் வருவதில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. வீட்டில் சொன்னால் திரும்பி வரச் சொல்லிவிடுவார்கள். (பெயரும் ஊரும் குறிப்பிடவில்லை)

பதில்: இன்றே ஒருவரிடம் பேசுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் நேரம் கேட்டு வாங்குங்கள். இல்லையெனில் நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அசைன்மென்ட்டுக்குக் கூடுதல் நாள் கேட்கக் காரணத்தை விரிவாக எழுத வேண்டியதில்லை, உடல்நலமில்லை என்ற ஒரு வரி போதும்.

கேள்வி: பணநெருக்கடியால் இரண்டாம் ஆண்டோடு மகளை நிறுத்த வேண்டியிருக்கிறது. படித்தது வீணாகுமா? (தந்தை, ராமகிருஷ்ணபுரம்)

பதில்: ஆகாது. 44 கிரெடிட்டோடு நின்றால் சான்றிதழ், 88-க்கு டிப்ளோமா, 132-க்கு ஆனர்ஸ் பட்டம், 176-க்கு நான்காண்டுப் பட்டம். மொத்தம் ஏழு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து முடிக்கலாம். ஆயினும், நிறுத்தும் முன் முதல்வரை நேரில் சந்தித்துக் கல்லூரியின் மாணவர் நல நிதியிலிருந்து கட்டணச் சலுகைக்கு விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றிதழையும் சென்ற செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.