சிரப் லேபிளில் 'க்யூ.எஸ்.': அளவு பார்க்காமல் ஊற்றியதா?

கேள்வி: மகனுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பில் 'ஃப்ளேவர்டு சிரப் பேஸ்: க்யூ.எஸ்.' என்று இருக்கிறது. எங்கள் தெருவில் சத்துப்பவுடர் விற்கும் ஏஜென்ட், "அளவு பார்க்காமல் ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் டப்பாவில் உள்ள க்யூ.எஸ். என்றால் குவாலிட்டி ஸ்டாண்டர்ட்" என்கிறார். உண்மையா?

பதில்: அடுத்தவர் பாட்டிலில் ஓர் அர்த்தம், தன் டப்பாவில் ஓர் அர்த்தமா? நல்ல வியாபாரம்! இரண்டுமே தப்பு.

இது 'குவாண்டம் சாட்டிஸ்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். குவாண்டம் என்றால் 'எவ்வளவோ அவ்வளவு'. சாட்டிஸ் என்றால் 'போதும்'. சமையல் குறிப்பில் 'உப்பு: தேவையான அளவு' என்று போடுவோமே, அதேதான். ஆனால் மருந்துத் தொழிற்சாலையில் கண்ணளவு கிடையாது. ஒவ்வொரு பேட்சிலும் எவ்வளவு சேர்த்தார்கள் என்று பதிவேட்டில் எழுதியாக வேண்டும். லேபிளில் மட்டும் அந்த எண் வராது.

இலக்கணம் கொஞ்சம். சாட்டிஸ் உருபு ஏற்காது. அளக்கப்படும் பொருள்தான் ஏற்கும். ஆக்வா (தண்ணீர்) 'ஆக்வே' ஆகும், அதாவது 'தண்ணீரின்'. பழைய மருந்துச் சீட்டுகளில் 'ஆக்வே க்யூ.எஸ்.' என்று இருப்பது இதனால்தான். இது போதும் உங்களுக்கு.

கவனிக்க வேண்டியது 'க்யூ.எஸ். ஆட் 100 மி.லி.' என்பதை. இந்த 'ஆட்', 'சேர்' என்று பொருள்படும் ஆங்கில ஆட் இல்லை. 'வரை' என்று பொருள்படும் லத்தீன் ஆட். 100 மி.லி. ஊற்று என்பதல்ல, மொத்தம் 100 வரும் வரை ஊற்று என்பது. வீட்டில் ஆன்டிபயாடிக் டிரை சிரப் (பொடியாக வரும், தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டிய மருந்து) கலக்கும்போது நடக்கும் தப்பும் இதேதான். '30 மி.லி.' என்று பார்த்ததும் 30 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றிவிடுகிறார்கள், மருந்து நீர்த்துப்போகிறது. கூடவே தண்ணீர்க்குப்பி கொடுத்திருந்தால் அதையே ஊற்றுங்கள். இல்லையென்றால் கொதித்து ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்புங்கள்.

அப்புறம், நீங்கள் உண்மையில் படிக்க வேண்டிய எண் வேறு. பாராசிட்டமால் 5 மி.லி.க்கு 125 மி.கி.யா, 250 மி.கி.யா? ஒன்றுக்கு மற்றொன்று இரட்டிப்பு. பெற்றோர் பார்த்தே ஆக வேண்டிய இந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது; லத்தீனுக்கு மட்டும் இன்னும் இடம் ஒதுக்குகிறார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்தில் இருந்த டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் எந்த லேபிளைப் படித்தாலும் தெரிந்திருக்காது. அதை ஆய்வகத்தில்தான் பிடிக்க முடியும், அது அரசின் வேலை.

அந்த ஏஜென்ட் மறுபடி வந்தால், டப்பாவில் எந்தப் பொருளுக்கு நேராக க்யூ.எஸ். போட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.