அம்மாவின் தலைச்சுற்றலும் தியான்மா கிழங்கும்

இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, சீனாவின் யுன்னான் மாகாணத்திலிருந்து வந்த தியான்மா கிழங்கை அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்; தயவுசெய்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். பச்சையமே இல்லாமல், ஆர்மில்லாரியா என்னும் பூஞ்சையை நம்பி வளரும் இந்த ஆர்க்கிட்டின் கிழங்கைச் சீன மருத்துவம் தலைச்சுற்றல், தலைவலி, வலிப்பு ஆகியவற்றுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. இதன் முதன்மைச் சேர்மமான காஸ்ட்ரோடின் ஒரு குளுக்கோசைடு, அதாவது குளுக்கோஸ் இணைந்த சேர்மம். பச்சைக் கிழங்கிலுள்ள நொதி அதைச் சிதைத்துவிடும் என்பதால், ஆவியில் வேகவைத்த பிறகே உலர்த்துகிறார்கள். வழக்கமான நாளளவு 3 முதல் 10 கிராம். உருளைக்கிழங்கைக் காயவைத்து இதன் பெயரில் விற்பதும் உண்டு. ஒரு முனையில், சீனர்கள் கிளிமூக்கு என்றே அழைக்கும் செம்பழுப்பு மொட்டும், மறுமுனையில் தொப்புள் போன்ற வட்டத் தழும்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அசலாகவே இருந்தாலும், மாத்திரையோடு சேரும்போது அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால், பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்டபின் தொடங்குங்கள்.