ஹெடர் பைலில் எதை வைக்கணும், எதை வைக்கக் கூடாது?

நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் படிக்கிற பிள்ளைகள் சி பிளஸ் பிளஸ் ஹெடர் பைல் (கிளாஸ், பங்ஷன் விவரத்தை மற்ற பைல்களுக்குச் சொல்லும் .h பைல்) பற்றிக் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துவிட்டேன்.

தக்கலை: அண்ணா, கிளாஸ் முழுசையும் மெயின் இருக்கிற பைலிலேயே எழுதினாலும் ஓடுதே, பிறகு எதுக்கு ஹெடர், சிபிபி (.cpp) என்று இரண்டு பைல்?

ஓடும் தம்பி, சின்ன புரோகிராமுக்கு அது போதும். தோவாளை பூச்சந்தையில் ஒரு கடைக்கு பில் போட எழுதுகிறாய் என்று வை. பில் அடிக்கிற பைலுக்கும் மாசக் கணக்கு பார்க்கிற பைலுக்கும் 'பூக்கணக்கு' கிளாஸ் வேணும், ஆனால் இரண்டும் தனித்தனியாகத்தான் கம்பைல் ஆகும், ஒன்றில் எழுதியது இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால் கிளாஸில் என்ன டேட்டா இருக்கு, ஒவ்வொரு பங்ஷனும் எதை வாங்கி எதைத் தரும் என்பதை ஹெடரில் வைத்து இரண்டிலும் இன்க்ளூட் செய்கிறோம், அதாவது #include வரியால் உள்ளே சேர்க்கிறோம். கணக்கு போடுகிற விதம், அதாவது பங்ஷனின் உடல், சிபிபி பைலில். நாளைக்கு கமிஷன் கணக்கு மாறினால் அந்த ஒரு சிபிபி மட்டும் மறுபடி கம்பைல் ஆனால் போதும். ஹெடரைத் தொட்டால் அதை இன்க்ளூட் செய்த அத்தனையும் கம்பைல் ஆகணும்.

மார்த்தாண்டம்: பிரைவேட் டேட்டாவை வெளியே யாரும் தொட முடியாதே, அதையாவது சிபிபிக்குள் மறைக்கலாமா?

நேரடியாக முடியாது. அந்த கிளாஸில் ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்க எத்தனை பைட் வேணும் என்று கம்பைலருக்குத் தெரிந்தாகணும், அதற்கு எல்லா டேட்டா மெம்பரும் கண்ணில் படணும்.

நாகர்கோவில்: இன்க்ளூட் கார்டு சரியா வைச்சிருக்கேன் அண்ணா, ஆனாலும் லிங்கர் (கம்பைல் ஆன பைல்களை ஒன்றாகச் சேர்ப்பது) 'மல்டிபிள் டெஃபனிஷன்' என்கிறது.

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கார்டு என்பது ஹெடரைச் சுற்றி வைக்கும் #ifndef, #define, #endif வரிகள். ஒரு சிபிபி கம்பைல் ஆகும்போது அதே ஹெடர் அதற்குள் இரண்டு தடவை வராமல் தடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அடுத்த சிபிபி கம்பைல் ஆகும்போது எல்லாம் முதலிலிருந்து. நீ கிளாஸின் மூடும் அடைப்புக்குக் கீழே, ஹெடரிலேயே, பங்ஷனின் உடலை எழுதியிருப்பாய். அப்போது இரண்டு சிபிபியிலும் ஆளுக்கொரு பிரதி உருவாகும், லிங்கர் எதை எடுக்கும்? உடலை சிபிபிக்கு மாற்று. இரண்டு வரி பங்ஷன் என்றால் கிளாஸுக்குள்ளேயே எழுதலாம், அது தானாகவே இன்லைன் ஆகிவிடும், அதாவது பல சிபிபியில் அதே உடல் வந்தாலும் லிங்கர் ஒன்றாக ஏற்கும். வெளியே வைப்பதானால் முன்னால் இன்லைன் என்று போடு. கிளாஸின் ஸ்டேட்டிக் வேரியபிளுக்கும் (எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான ஒன்று) இதே சிக்கல் உண்டு, சி பிளஸ் பிளஸ் 17 முதல் அதற்கும் இன்லைன் போடலாம்.

கார்டு பற்றி இன்னொன்று. பழைய ஹெடரைக் காப்பி அடித்துப் புது கிளாஸ் எழுதும்போது கார்டின் பெயரை மாற்ற மறந்தால், இரண்டாவது ஹெடரை கம்பைலர் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், கண் முன்னால் இருக்கிற கிளாஸையே தெரியாது என்று சொல்லும். நான் ஒரு ராத்திரி முழுக்க இதைத் தேடியிருக்கிறேன். அதிலிருந்து கார்டுக்குப் பதில், பெயரே தேவைப்படாத ப்ராக்மா ஒன்ஸ் (#pragma once) வரிதான். மொழியின் ஸ்டாண்டர்டில் இல்லை என்றாலும் ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் மூன்றும் ஏற்கும்.

குளச்சல்: படகு கிளாஸில் துறைமுகம் வருது, துறைமுகம் கிளாஸில் படகு வருது. ஒன்றை ஒன்று இன்க்ளூட் செய்தால் எரர்.

படகுக்குள் துறைமுகம் பாயிண்டராகவோ ரெஃபரன்ஸாகவோதானே இருக்கு? அப்படியானால் படகு ஹெடரில் அந்த இன்க்ளூடை எடுத்துவிட்டு 'கிளாஸ் துறைமுகம்;' என்று, அப்படி ஒரு கிளாஸ் உண்டு என்று மட்டும் சொல்லும் ஒரு வரி எழுது. முழு ஹெடரை படகின் சிபிபியில் இன்க்ளூட் செய்துகொள். ஆப்ஜெக்டாகவே உள்ளே வைத்தால் மட்டும் இது நடக்காது, அளவு தெரியணுமே. இரண்டு கிளாஸும் ஒன்றுக்குள் ஒன்று ஆப்ஜெக்டாக இருக்கவே முடியாது என்பதையும் யோசித்துப் பார்.

குலசேகரம்: டெம்ப்ளேட் கிளாஸையும் இரண்டாகப் பிரிக்கணுமா?

வேண்டாம், முழுசும் ஹெடரில் இருக்கட்டும். டெம்ப்ளேட் என்பது பல டைப்புக்கும் பொதுவாக எழுதும் அச்சு. எந்த டைப்புக்கு வேணும் என்று பயன்படுத்துகிற இடத்தில்தான் தெரியும், அங்கே உடலும் கம்பைலருக்குத் தெரியணும்.

தோவாளை: ஹெடரில் 'யூஸிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' போடலாமா?

கூடாது. அது std:: என்று முன்னால் போடாமல் எழுத விடும் வரி. உன் ஹெடரை இன்க்ளூட் செய்கிற எல்லார் பைலிலும் அது நுழையும். சிபிபியில் உன் இஷ்டம்.

தக்கலை: எல்லாம் சரியா பிரிச்சாச்சு, இப்போ 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வருது.

லிங்கருக்கு பங்ஷனின் உடல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கம்பைல் கட்டளையில் மெயின் பைல் பெயர் மட்டும் கொடுத்திருக்கிறாயா? ஹெடரை இன்க்ளூட் செய்ததால் சிபிபி தானாக வந்து சேராது, அதன் பெயரையும் பக்கத்தில் கொடு.