வசனம் அனுப்புவதற்கில்லை: பள்ளி நாடகக் கேள்வி பதில்

இளையோருக்குக் கதையும் நாடகமும் எழுதுகிறவன், பள்ளிகளில் நாடகப் பயிற்சி தருகிறவன் என்ற முறையில் எனக்கு வந்த கேள்விகளும் என் பதில்களும்.

தமிழாசிரியை, தஞ்சாவூர்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையேறியதும் வசனத்தை மறந்து விழிக்கிறார்கள். மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா?

மனப்பாடத்தை முதலில் வைத்ததுதான் கோளாறு. வசனத்தாளுக்குப் பதிலாக ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள். ரேஷன் கடை வரிசை. பாட்டியின் கைரேகை பதியவில்லை. பின்னால் நிற்பவர்களுக்கு அவசரம், கடைக்காரருக்கு எரிச்சல். நடிக்கச் சொல்லுங்கள், பிறகு வேடங்களை மாற்றி மறுபடி நடிக்கட்டும். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வகுப்பில் பாட்டியாக வந்த சிறுமி கட்டைவிரலைத் துப்பட்டா முனையில் துடைத்தாள். எச்சில் தொட்டு மறுபடியும் துடைத்தாள். பிறகு, “மெஷினுக்கு என்னைத் தெரியவில்லையா?” என்று கடைக்காரரைக் கேட்டாள். அதே இடத்தை என்னிடம் கொடுத்திருந்தால், நாற்று நட்டுத் தேய்ந்த விரல் என்று அரைப்பக்கம் அழ வைத்திருப்பேன். இப்படிச் சேர்ந்த பேச்சைச் செதுக்கி நாடகமாக்குங்கள். வசனம் தவறினாலும் அடுத்து நடக்க வேண்டியது என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியும், சமாளித்துவிடுவார்கள்.

ஒரு தாய், சேலம்: மகன் கூச்ச சுபாவம். நாடகத்தில் சேர்த்தால் சரியாகிவிடுமா?

நாடகம் மருந்தல்ல. திரை இழுக்கட்டும், பறை தட்டட்டும், மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளட்டும். முன்னால் வர விரும்பினால் வருவான். வராவிட்டாலும் குறையில்லை.

ஆசிரியர், கடலூர்: காந்தி ஜெயந்திக்குப் பத்து நிமிட நாடகம் ஒன்று எழுதி அனுப்ப முடியுமா?

முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

தலைமையாசிரியர், விருதுநகர்: ஊருக்கு உபதேசம் எளிது. எங்கள் ஆண்டு விழா திறந்த மைதானத்தில் நடக்கிறது. ஆயிரம் பெற்றோர், ஒரே மைக். வசனத்தை முன்பே பதிவு செய்து பிள்ளைகளை வாயசைக்க வைப்பதுதான் நடைமுறை. மனப்பாடத்தை ஏன் இவ்வளவு இளக்காரமாகப் பேசுகிறீர்கள்? சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்திய அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகளின் பையன்கள் மனப்பாடம் செய்துதானே பெரிய நடிகர்கள் ஆனார்கள்?

நல்ல சண்டை. வருகிறேன்.

பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, உண்டு, உறங்கி, ஆண்டுக்கணக்கில் பாட்டும் பாடமும் கேட்டவர்கள். அது அவர்கள் பிழைப்பு. உங்கள் மாணவனுக்குக் கிடைப்பதோ விளையாட்டு வகுப்பிலிருந்து பிடுங்கிய சில வாரங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பாய்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அதில் சேர்ந்த சிறுவன் தி.க. சண்முகத்தின் திறமையைக் கண்டு, அவனை மனத்தில் வைத்து ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை எழுதினார். மனப்பாடம் பிறகு வந்தது. பையனைப் பார்த்தது முதலில். நீங்கள் யாரோ பெரியவர் குரலை ஸ்டூடியோவில் பதிவு செய்து, அதற்கேற்பப் பையனின் வாயை அசைக்கிறீர்கள். சுவாமிகளைச் சாட்சிக்கு அழைத்தால் அவர் என் பக்கம்தான் பேசுவார்.

கல்லூரி மாணவி, மதுரை: தலைமையாசிரியருக்கு ஒரு தகவல். நான் பள்ளியில் படித்தபோது நடுநாடகத்தில் மின்சாரம் போனது. ஸ்பீக்கர் நின்றது, நாங்களும் நின்றோம். மின்சாரம் வந்தபோது பதிவு முதலிலிருந்து ஓடியது. செத்துக் கிடந்த ராஜா எழுந்து மறுபடியும் சபைக்கு வந்தார்.

நான் சேர்க்க ஒன்றுமில்லை.

வாசகர், கோவை: பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான நாவலில் சாதி, மரணம் எல்லாம் வரலாமா? கடைசியில் நீதி சொல்ல வேண்டாமா?

வரலாம். எந்தத் தெருவுக்குள் சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளையிடம் சாதியை மறைத்து என்ன பயன்? நீதிக்குத் தனிப்பக்கம் வேண்டாம். நாடகத்திலும் அப்படித்தான்: கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று “இதனால் அறிவது யாதெனில்” என்று முடித்தால், அதுவரை நடித்தது வீண். கருத்துச் சொல்லியே தீர வேண்டுமென்றால் தெருக்கூத்துக் கட்டியங்காரனைக் கூப்பிடுங்கள். ராஜாவின் எதிரிலேயே ராஜாவைக் கிண்டல் செய்து, சபையோடும் பேச அவனுக்கு உரிமை உண்டு. பிள்ளைகள் போட்டி போட்டுக் கேட்கும் வேடமும் அதுதான்.

பி.எட். மாணவர், திருச்சி: பள்ளி நாடகத்துக்குத் தமிழில் முன்மாதிரி யார்?

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1978இல் அங்கே நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், சிறுவருக்காக ‘கூடி விளையாடு பாப்பா’ நாடகத்தை எழுதினார். 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ எழுதியதும் அவரே. இலங்கைப் பள்ளிகளில் நாடகமும் அரங்கியலும் தேர்வுக்குரிய பாடம். இங்கே அது ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் பரதத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி. ஆசிரியர் தாமே ஒரு பாத்திரமாகி வகுப்புக்குள் நுழையும் முறையை அறிய இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட்டைத் தேடிப் படியுங்கள்.

ஒரு தந்தை, ஈரோடு: தேவதை உடைக்குச் சிறகு எங்கே வாடகைக்குக் கிடைக்கும்?

வாடகை உடைக் கடையில். சிறகோடு மேடைக்கதவில் நுழைய முடிகிறதா என்று முதல்நாளே பாருங்கள்.

ஆசிரியை, நாமக்கல்: சுற்றுச்சூழல் பற்றிச் சிறிய நாடகம் ஒன்று கிடைக்குமா? வசனம் மட்டும் போதும்.

முதல் பதில். முதல் பதில். முதல் பதில்.

தலைமையாசிரியர், விருதுநகர்: சரி, ஒரு வகுப்பை மட்டும் பதிவில்லாமல் விட்டுப் பார்க்கிறேன். மைக்குக்கு வழி சொல்லுங்கள்.

மேடையின் முன்விளிம்பில் மூன்று மைக், குட்டைத் தாங்கியில். கையில் மைக் வேண்டாம். பிள்ளைகள் அதை ஒருவருக்கொருவர் கைமாற்றுவதிலேயே நாடகம் போய்விடும். ஸ்பீக்கர்கள் மேடைக்கு முன்னால், பெற்றோரைப் பார்த்து இருக்கட்டும். ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் போனால் வீல் என்று கத்தும். மேடை மின்விசிறியை அந்த இருபது நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பேசாத பிள்ளை பின்னால் நகரட்டும், பேசுகிற பிள்ளை முன்னால் வரட்டும். இதை ஒத்திகையிலேயே பழக்குங்கள். நாடகத்தை விருந்தினர் உரைக்குப் பிறகு வைக்காதீர்கள். அதற்குள் பாதிப் பெற்றோர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள்.