பெருங்குழுமங்களைச் சாராத பனிச்சறுக்கு மையங்கள் நகரும் கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மலைமேல் ஏற்றும் பழைய நாற்காலி லிஃப்டுகளை மாற்றத் தயங்குவது ஏன்?

செலவு முதன்மைக் காரணம்தான். ஆயினும் வேகமான லிஃப்ட் வந்தால் வரிசை தானாகக் குறையும் என்ற எண்ணமும் சரியன்று. கம்பியை நிலையாகப் பற்றியிருக்கும் பழைய வகை நொடிக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் நகர்கிறது. நிலையத்தில் கம்பியிலிருந்து பிரிந்து, மெதுவாக ஆட்களை ஏற்றிக்கொண்டு மீண்டும் பற்றிக்கொள்ளும் புதிய வகை 5 மீட்டர் வரை செல்கிறது. பயண நேரம் பாதியாகும். ஆனால் மணிக்கு எத்தனை பேர் மேலே சேர்வர் என்பதை இருக்கைகளின் எண்ணிக்கையும், நாற்காலிகள் வந்துசேரும் இடைவெளியுமே தீர்மானிக்கின்றன. பிரியும் பிடிகளுக்குப் பராமரிப்பும் கூடுதல்.

அமெரிக்காவின் வெர்மான்ட்டில், சறுக்குவோரின் கூட்டுறவுக்குச் சொந்தமான மேட் ரிவர் க்ளென் என்ற பனிச்சறுக்கு மையம், 1948-இல் இயங்கத் தொடங்கிய தன் ஒற்றை இருக்கை லிஃப்டை 2007-இல் ஒற்றை இருக்கையாகவே புதுப்பித்தது. மேலே செல்வோர் குறைவாக இருந்தால் சரிவில் நெரிசலும் குறையும் என்பதால், அது மிகப் பொருத்தமான முடிவு என்றே கருதுகிறேன்.