‘சுமாரான’ சப்ளையரைக் கணக்கில் எழுதுவது எப்படி?

பெங்களூரு பீன்யாவில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கம்பி தரும் இருவரில் ஒருவர் சீக்கிரம் தருகிறார், விலை கூடுதல். மற்றவர் கொஞ்சம் தாமதம், விலை பரவாயில்லை. ‘கொஞ்சம்’, ‘பரவாயில்லை’ இவற்றை ஃபஸ்ஸி முறை எண்ணாக்கிவிடும் என்கிறான் மகன். உண்மையா?

உண்மைதான், ஆனால் அளவுகோலை நீங்கள்தான் தர வேண்டும். 5 நாளில் சரக்கு வந்தால் முழுத் திருப்தி, அதாவது 1. பத்து நாளானால் 0. இடையில் நேர்கோடாக இறங்கட்டும். விலையில், கிலோ 80 ரூபாய்க்கு 1, 100 ரூபாய்க்கு 0 என்று வைப்போம். முதலாமவர் 6 நாள், 94 ரூபாய் என்றால் 0.8, 0.3. இரண்டாமவர் 8 நாள், 88 ரூபாய் என்றால் 0.4, 0.6.

1970-இல் கணித அறிஞர் பெல்மனும், ஃபஸ்ஸி முறையை உருவாக்கிய ஸாதேவும் காட்டிய வழியில், ஒவ்வொருவரின் குறைந்த மதிப்பை எடுத்து, அவற்றில் பெரியதைத் தேர்வோம். 0.3-ஐ விட 0.4 பெரிது, இரண்டாமவருக்கே ஆர்டர். சராசரி பார்த்தாலோ 0.55-க்கு 0.5 என்று முதலாமவர் முந்திவிடுகிறார்! வேகமாக வரும் சரக்கு விலைச்சுமையை ஈடுகட்டும் என்றால் சராசரி பொருந்தும். எதிலும் அடிபடக் கூடாது என்றால் முதல் வழி. உங்கள் பட்டறைக்கு எது ஒத்துவரும் என்பதை மகனுடைய கணினி சொல்லாது.

இது நிகழ்தகவுக்கு இன்னொரு பெயர்தானே? (எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி)

இல்லை. சில்க் போர்டு சந்திப்பில் நாளை நெரிசல் இருக்குமா என்பது நிகழ்தகவு. நாளை போய்ப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். வண்டிகள் மணிக்கு 12 கிலோமீட்டரில் ஊர்கின்றன என்று அளந்துவிட்ட பிறகும், அது எந்த அளவுக்குக் ‘கடும் நெரிசல்’ என்பது மிச்சமிருக்கும் கேள்வி. 1965-இல் லாட்ஃபி ஸாதே கணக்கில் கொண்டுவந்தது இதைத்தான். அதே வேகம் ‘கடும்’ கணத்தில் 0.7, ‘மிதமான’ கணத்தில் 0.5 பெறலாம், கூட்டுத்தொகை 1 ஆக வேண்டியதில்லை.

ஆய்வேட்டுக்கு ஃபஸ்ஸி ஏஎச்பி எடுக்கலாமா? (அல்சூர் மாணவர்)

எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். ஏஎச்பி என்பது அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை தரும் முறை; அந்த ஒப்பீட்டில் ஃபஸ்ஸி எண்களைப் புகுத்தினால் ஃபஸ்ஸி ஏஎச்பி. பலரும் கையாளும் சாங் முறை (1996), முக்கியமான அளவுகோலுக்கே சில சமயம் பூஜ்ய எடை தந்துவிடும். ஏஎச்பியை உருவாக்கிய தாமஸ் சாட்டியே இப்படி இரண்டையும் கலப்பதை எதிர்த்தவர். முதலில் சாதாரண ஏஎச்பி போட்டுப் பாருங்கள். வரிசை மாறவில்லையென்றால் முக்கோண எண்களெல்லாம் (குறைந்தது, நடுவானது, கூடியது என மூன்று மதிப்பாக எழுதும் ஃபஸ்ஸி எண்கள்) வெறும் ஜோடனை.

‘ஓவர்டைம் வாரம் 40 மணி நேரம் போதும், 50-க்கு மேல் கூடவே கூடாது’ என்கிறார் முதலாளி. நேரியல் திட்டமிடலில் (வரம்புகளுக்குள் லாபம் போன்றதைப் பெரிதாக்கும் நேர்கோட்டுக் கணக்கில்) இதை எப்படி எழுத?

40 வரை 1, 50-இல் 0. லாபத்துக்கும் இதேபோல் ஒரு கோடு. ஸிம்மர்மன் 1978-இல் தந்த முறைப்படி லாம்டா என்ற புது மாறியைச் சேர்த்து, ஒவ்வொரு திருப்தியும் லாம்டாவுக்குக் குறையாமல் வைத்து, லாம்டாவைப் பெரிதாக்குங்கள். கோடுகள் நேர்கோடுகளாக இருப்பதால் இதுவும் நேரியல் கணக்கே. எக்செல் சால்வர் போதும். எவ்வளவு லாபம் வந்தால் நிறைவு, எதற்குக் கீழே போனால் ஏற்கமாட்டார் என்ற இரண்டு எண்களை மட்டும் முதலாளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.